ஆ சிம் வீட்டு வாசலும் எங்கள் வெயில் சட்டியும்

என் எழுத்து நேராக நடக்காது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஒன்றைச் சொல்ல உட்கார்ந்து வேறொன்றில் போய் நிற்பேன். ஞாபகமும் முன்போல இல்லை. போன வாரம் என் கல்யாணத்தன்று மழை கொட்டியது என்று எழுதிவிட்டேன். பத்திரிகை வந்த அன்றே என் தங்கை போன் போட்டு ஏசினாள். மழை கொட்டியது அவள் கல்யாணத்திலாம். என் கல்யாணத்தில் நல்ல வெயிலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் எழுதப்போவதும் வெயிலைப் பற்றித்தான். பழங்கதை இல்லை, அண்மையில் நடந்தது. ஆகவே தப்பு குறைவாக இருக்கும் என்று நம்புகிறேன்.

மத்தியான நேரம். ஆ சிம் வீட்டு கேட்டுக்கு முன்னால் நான் நிற்கிறேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கூப்பிட வேண்டும், குரல் வரவில்லை.

ஆ சிம் எங்களுக்கு எதிர் வீட்டுச் சீனக் கிழவி. ஹொக்கியன் பாஷைக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுப் பக்கத்து முற்றத்துக்கும் நடுவே ஒரு சந்து, அவ்வளவுதான். தீபாவளிக்கு நான் முறுக்கு கொடுப்பேன். சீனப் பெருநாளுக்கு அவர் ஆரஞ்சு கொடுப்பார். எல்லாம் கேட்டுக்கு மேலேயே கைமாறிவிடும். இத்தனை வருடத்தில் நான் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை.

அவர் வாசல் நிலைக்கு மேலே எட்டு மூலையாக ஒரு சிவப்புப் பலகை. அதன் நடுவே வட்டமாகச் சின்னக் கண்ணாடி. அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கண்ணாடி எங்களுக்காகத்தான் அங்கே ஏறியது. அதைச் சொல்ல வேண்டுமானால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அடுப்படியில் விழுந்தேன்

நான் இடியாப்பம் அவித்து விற்கிறவள். இங்கே மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் அது புட்டு மாயம். ஜெலுத்தோங்கில் எங்களுடையது மூலை வீடு. மத்தியானம் சமையலறையில் அவிப்பேன். பிறகு ராமு வந்து மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். டீ குடிக்கும் நேரத்தில் தெருத்தெருவாக ஹாரன் அடித்து விற்பார். ராமு என் வீட்டுக்காரரோடு பஸ் கம்பெனியில் வேலை செய்தவர். வீட்டுக்காரர் இறந்த பிறகு, "அக்கா, நீங்க அவிங்க, நான் விக்கிறேன்" என்று அவராகவே வந்து நின்றார்.

நான் பேசிப் பழக்கமில்லாதவள். கோயிலில் தூணுக்குப் பின்னால்தான் நிற்பேன். பாசாரில், அதான் மார்க்கெட்டில், காய்க்காரனிடம் கேட்கக்கூடக் கூசும், விரலால் காட்டுவேன். ஆனால் பிரம்புத் தட்டில் மாவைப் பிழிந்து ஆவியில் ஏற்றிவிட்டால் அந்த இடத்தில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் வாசனையில் வெந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒருநாள் அந்த வாசனை வருவதற்கு முன்பே நான் தரையில் கிடந்தேன். கேஸ் அடுப்புச் சூட்டில் மயக்கம். கிளினிக்கில் இருந்த டாக்டர் பெண், இனிமேல் நெருப்புப் பக்கத்தில் நின்று வேலை செய்யவே கூடாது என்று சொல்லிவிட்டாள்.

மாலதிக்கு அது போதுமாயிருந்தது. மாலதி என் மகள். பாலம் தாண்டி புக்கிட் தெங்காவில், தகரச் சாமான் செய்யும் பேக்டரியில் டெக்னீஷியன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

"போதும்மா. நிப்பாட்டிடு."

"நிப்பாட்டிட்டு?"

"டிவி பாரு. கோயிலுக்குப் போ."

"டிவியில என்னாடி இருக்கு? காலையில அழுற பொம்பள சாயங்காலமும் அழுறா."

"அதுக்காக அடுப்படியில விழுந்து சாவுறியா?"

அடுப்பை வெளியே வைத்துப் பார்த்தேன். காற்றில் நெருப்பு சாய்ந்தது, சூடு என் பக்கமே வந்தது. மாலதி கேஸ் தோம்பை, அதாவது சிலிண்டரை, தூக்கிக்கொண்டு போய் அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். ராமு வெறும் பெட்டியோடு வந்து பார்த்துவிட்டு வெறும் பெட்டியோடு போனார். அந்த வாரம் முழுக்க நான் மத்தியானங்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை இல்லாத மத்தியானம் எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

உப்புக்குள் வெயில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலதி போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அம்மா, இதப் பாரு."

கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடி. நாற்று நட்டதுபோல வரிசை வரிசையாகக் கண்ணாடிகள். நடுவில் ஒரு கோபுரம், அதன் உச்சி வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

"எந்தக் கோயில்?"

"கோயில் இல்லம்மா, கரண்டு எடுக்கிற இடம். பாலைவனம். இந்தக் கண்ணாடியெல்லாம் வெயில அந்த உச்சிக்கு அனுப்புது. அங்க உப்ப உருக்குறாங்க. உருகுன உப்பு சூட்டப் பிடிச்சு வச்சுக்கும். பொழுது சாஞ்ச பிறகும் அந்தச் சூட்டுல தண்ணிய ஆவியாக்கி, அந்த ஆவியில கரண்டு எடுப்பாங்க."

"உப்பு தண்ணியில கரையும். எப்படிடி உருகும்?"

"இது வேற உப்பு. ரொம்பச் சூட்டுல உருகிடும், தண்ணி மாதிரி ஓடும்."

வெயிலை உப்புக்குள் போட்டு வைத்துக்கொள்கிறார்களாம். ஊறுகாய்ப் பானைதான் ஞாபகத்துக்கு வந்தது.

"அப்ப நம்ம ஊர்லயும் கட்டலாமே. இங்க வெயிலுக்கு என்னா பஞ்சம்?"

"பஞ்சம்தாம்மா. இங்க மேகம் ஜாஸ்தி. கண்ணாடிக்கு நேர் வெயில் வேணும். மேகத்துல பட்டுச் சிதறி வர்ற வெளிச்சத்த ஒரு இடத்துல சேக்க முடியாது. அந்தக் கோபுரமெல்லாம் நமக்குச் சரிவராது. ஆனா எல்லாத்துக்கும் கரண்டு எதுக்கு? எங்க பேக்டரியில சாமான் கழுவ நாள் முழுக்க கேஸ எரிச்சுத் தண்ணிய சுட வைக்கிறாங்க. அதுக்குச் சூடு போதும். உன் இடியாப்பத்துக்கும் சூடு போதும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"செய்வியா?"

"செஞ்சா, கேஸ் அடுப்புப் பக்கம் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

முன்பெல்லாம் வீட்டு முற்றங்களில் டிவிக்காகப் பெரிய பெரிய சாட்டிலைட் சட்டிகள் நிற்கும், நினைவிருக்கிறதா? நான் கால் நீட்டிப் படுத்தாலும் அதற்குள் அடங்கிவிடுவேன், அவ்வளவு அகலம். அப்படி ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து ராமுவும் மாலதியும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பேக்டரியில் மிஞ்சிய பளபளப்பான அலுமினியத் தகடுகளை எடுத்துக்கொள்ள முதலாளி அனுமதித்தார். மாலதி அவற்றைப் பூவிதழ் மாதிரி வெட்டிச் சட்டிக்குள் ஒட்டினாள். சட்டிக்கு முன்னால், வெளிச்சமெல்லாம் போய்ச் சேரும் இடத்தில், கறுப்பு பூசிய ஒரு சின்னத் தவலை. அதில் தண்ணீர். தவலையிலிருந்து ஆவி ஒரு குழாய் வழியாக வந்து, நிழலில் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் என் அவிக்கும் பெட்டிக்குள் போகும். நான் நிற்கிற இடத்தில் நெருப்பே இல்லை.

முதலாளி மாலதியிடம் ஒன்று சொல்லியிருந்தார். வீட்டில் ஓடட்டும், சீனப் பெருநாள் முடிந்து வந்து பார்க்கிறேன், நன்றாக ஓடினால் பேக்டரிக் கூரையில் ஒன்று போட்டுப் பார்ப்போம் என்று. அவளுக்கு அது பெரிய விஷயம். எனக்கு என் வேலை பெரிய விஷயம். சட்டி ஒன்றுதான்.

முதல் நாள் ஆவி வந்தபோது எங்கள் வீட்டு நாய் குரைத்தது. ராமு கைதட்டினார். கண் கூசக்கூடாது என்று மாலதி எனக்கொரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தாள். பூப்போட்ட பாத்தேக் கைலியும் கறுப்புக் கண்ணாடியுமாக நான் நின்றதைப் பார்த்து ராமு, "அக்கா, ஷூட்டிங் எத்தன மணிக்கு?" என்றார்.

"வாய மூடிக்கிட்டு பெட்டியத் தொடைங்க."

சட்டி சூரியனோடு கூடவே திரும்ப வேண்டும். நான்தான் கையால் தள்ளித் திருப்புவேன். காலையில் கிழக்கே, மத்தியானம் மேலே, பிறகு மேற்கே. சுவரில் என் நிழலைப் பார்த்துக்கொள்வேன். நிழல் கத்தியால் வெட்டினதுபோல விழுந்தால் அன்று ஆவி சீறும். நிழலின் ஓரம் மங்கிக் கரைந்திருந்தால் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். காடு எரிகிற புகை வந்து வானம் மங்கலாக இருந்த நாட்களில் ராமுவுக்குக் கோபம் வரும். "இவ்வளவு வெளிச்சம் இருக்கே, என்னாக்கா இது?" என்பார். வெளிச்சம் வேறு, நேர் வெயில் வேறு என்று மாலதி சொன்னதை அவருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

மழை நாளில் வேலை இல்லை. ராமு அன்றைக்குக் கடலை விற்பார்.

ராமு கட்டிய பூதம்

அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். சில பேர் போட்டோ எடுத்தார்கள். ஒரு மத்தியானம் நல்ல வெயிலிலும் ஆவி வரவில்லை. குழாயில் அடைப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் ராமு தலையை ஆட்டினார்.

"கண்ணு பட்டுருச்சுக்கா. இத்தன பேரு பாத்தா என்னா ஆகும்? சும்மாலா நிக்குது, பொட்டுகூட வைக்கல."

மறுநாள் லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரு திருஷ்டிப் பூதம் வாங்கிக்கொண்டு வந்தார். முழி பிதுங்கி, நாக்கு மார்புவரை தொங்கும், கோரைப் பல்லோடு. புது வீடு கட்டினால் முகப்பில் மாட்டுவோமே, அதேதான். முன்பக்கம் தகடு இருக்கிறது, மாட்ட முடியாது. சட்டியின் முதுகில் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார். கீழே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். நான் கற்பூரம் காட்டினேன். மாலதி பார்த்துவிட்டு, "சயின்ஸுக்கே திருஷ்டியா?" என்று சிரித்தாள். ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

எங்களுக்குத் தோன்றாத ஒன்று இருந்தது. காலையில் சட்டி கிழக்கே பார்க்கும். அப்போது அதன் முதுகு எங்கே பார்க்கும்? மேற்கே. மேற்கே இருப்பது ஆ சிம் வீட்டு வாசல்.

எட்டு மூலைக் கண்ணாடி

முதலில் ஆ சிம் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே போனார். வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை போல என்று நினைத்தேன். அடுத்து, தினமும் வாசலில் ஊதுபத்திக் கொத்து எரிய ஆரம்பித்தது. பிறகு ஒருநாள் அந்த எட்டு மூலைப் பலகை ஏறியது. சீனர்கள் கெட்டதைத் திருப்பி அனுப்ப மாட்டுகிற கண்ணாடி அது. நேராக என் அவிக்கும் பெட்டியைப் பார்த்தது.

எனக்கு அன்றே தலைவலி. அந்தக் கண்ணாடியால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் மாவு பிழிந்தேன்.

பெருநாளுக்குச் சில வாரம் இருக்கும்போது ஆ சிம்மின் மகன் வந்தார். மரியாதையான மனிதர். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு அந்தப் பேய் முகம் பயமா இருக்கு."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அவர் நிற்கும்போதே ராமு ஓடிப்போய்ப் பூதத்தைக் கழற்றிவிட்டார். மகன் நன்றி சொன்னார், ஆனால் போகவில்லை.

"இந்தக் கண்ணாடிச் சட்டியும் வேணாம் ஆன்ட்டி. எங்கம்மா சரியா சாப்பிடறதில்ல. கண்ணாடி எங்க வாசலப் பாக்குது, கெட்டதெல்லாம் எங்க வீட்டுக்கு வருதுன்னு சொல்றாங்க. நான் நம்புறேனா இல்லையான்னு கேக்காதீங்க. எங்கம்மா நம்புறாங்க. பெருநாளுக்கு முன்னாடி எடுத்துட்டா நல்லது."

நான் தலையைத் தலையை ஆட்டினேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் ஆகும்.

மாலதி வேலை முடிந்து வந்ததும் கொதித்தாள்.

"நம்ம வீடு, நம்ம முற்றம். அது வெளிச்சத்த உள்ளதான் இழுக்குது, வெளிய அனுப்பலன்னு நான் போய்ப் பேசுறேன்."

"நீ பேசினா சண்டையாயிடும்."

"அப்ப எடுத்துடலாமா? எடுத்துட்டு நீ சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திரு. நான் முதலாளிகிட்ட, பூதத்தக் கட்டிக் கெடுத்துட்டோம் சார்னு சொல்றேன்."

ராமு மெல்ல நழுவப் பார்த்தார். "நீங்க எங்க போறீங்க? உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்.

"நான் போறேன்," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாசாரில் விரலால் காட்டுகிறவள் ஆ சிம்மிடம் என்ன பேசப்போகிறாள் என்று அவர்களுக்கு. எனக்கும் அதுதான் கேள்வி. பேச்சு வராது என்று தெரியும். பேசாமல் செய்யக்கூடியது ஒன்று மனதில் இருந்தது.

நாற்காலி

அந்தச் சனிக்கிழமை மாலதியிடம் அடுப்பு வேலையை, அதாவது சட்டி வேலையை, ஒப்படைத்தேன். "எப்பவும்போல திருப்பு. வேலை முடிஞ்சதும் எப்பவும்போல மேற்கே பாத்து விட்டுடு. மூடாத" என்றேன். பிறகு சந்து தாண்டி அந்தக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். தொடக்கத்தில் சொன்ன இடம் இதுதான்.

குரல் வராததால் கேட்டை ஆட்டினேன். ஆ சிம் வந்தார். நாங்கள் பேசியது பாசார் மலாய், கடைத்தெருவில் எல்லாரும் பேசுகிற மலாய். தமிழில் எழுதுகிறேன்.

"என்னா லெச்சுமி?"

"ஆ சிம், உங்க வாசல்ல உக்காரணும்."

"எதுக்கு?"

"எங்க சட்டி உங்களுக்குக் கெட்டத அனுப்புதுன்னு சொன்னாங்க. அப்படி வந்தா முதல்ல எனக்கு வரட்டும். அதுக்கு நேரா நான் உக்கார்றேன். பொழுது சாயுற வரைக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ என்ன கீலாவா?" என்றார். பைத்தியமா என்று அர்த்தம்.

"தெரியல. உக்காரவா?"

கேட்டைத் திறந்தார். வாசலில் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து, எட்டு மூலைக் கண்ணாடியைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, என் சட்டியைப் பார்த்தேன். கைலியை இழுத்து மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் அவர் கதவுக்குப் பின்னால் நின்றார். பிறகு உள்ளே போனார். வரும்போது ஒரு பேசின் நிறையத் தாவ்கே, அதுதான் முளைப்பயறு, கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர் மருமகள் குவேதியோ என்கிற அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாள். தாவ்கே வாலைக் கிள்ளுவது ஆ சிம் வேலை.

"சும்மா உக்காந்தா இடுப்பு வலிக்கும். கிள்ளு."

கிள்ளினேன். அவரும் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து, ஆனால் சட்டிக்கு நேராக இல்லாமல் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ பெருசா வச்சிருக்க. வால் தெரியுது. இப்படிக் கிள்ளு."

"சரி."

எதிரே மாலதி சட்டியைத் தள்ளித் தள்ளித் திருப்பினாள். ஆவி சீறுவது இங்கே வரை கேட்டது. மணி நான்கு இருக்கும், ராமு பெட்டியைக் கட்டினார். போகும்போது சந்தில் மோட்டாரை மெதுவாக்கி, "அக்கா, புது வேலையா? சம்பளம் எப்படி?" என்றார். ஆ சிம் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்.

மாலதி சட்டியை மேற்கே திருப்பிவிட்டுப் போனாள். ஆ சிம் முகம் மாறியது.

"இப்ப பாரு."

"எத ஆ சிம்?"

"உனக்குத் தெரியாதா? காலையில நீ சட்டியத் திருப்பினதும் நாக்க நீட்டிக்கிட்டு ஒரு பேய். அது போயிடுச்சு, சரி. சாயங்காலம் என் வீட்ட நீ தலைகீழாத் தொங்க விடுற. காலையில எந்திரிச்சாலும் தொங்குது. நீ என்னா நெனப்ப?"

"தலைகீழாவா? அது சும்மா தகடு ஆ சிம். சமையல் சட்டி."

"உக்காரு. பொழுது போகட்டும்."

உட்கார்ந்தேன். வெயில் அவர் வீட்டுக் கூரைக்குப் பின்னால் இறங்கியது. சட்டியில் கண்ணைக் கூசிய வெளிச்சம் போனது. நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

அவர் சொன்னது உண்மை. சட்டிக்குள் ஆ சிம் வீடு தொங்கியது. கூரை கீழே, கேட் மேலே. எட்டு மூலைப் பலகை ஒரு சிவப்புப் பொட்டாக இருந்தது. தகடுகள் சேரும் இடங்களில் சுவர் நெளிந்து உடைந்ததுபோலத் தெரிந்தது. அந்த வாசலில் இரண்டு கிழவிகள் தலைகீழாக உட்கார்ந்து தாவ்கே கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். சட்டிக்குள் இருந்தவள் கீழே தூக்கினாள்.

இத்தனை மாதமாக நான் சட்டிக்குப் பின்னாலும் பக்கத்திலும்தான் நின்றிருக்கிறேன். வேலை முடிந்தால் இடுப்பு வலியில் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். முன்னால் வந்து, இந்த நாற்காலியிலிருந்து பார்த்ததே இல்லை. என் வீடு இப்படித் தினமும் தொங்கினால் நான் என்ன செய்திருப்பேன்? எலுமிச்சம்பழம் அறுத்திருப்பேன், பூசணிக்காய் உடைத்திருப்பேன். ஆ சிம் ஒரு சின்னக் கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு எழுந்து நின்று சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை என்பதால் அது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஆ சிம், நான் வேலைய விடமாட்டேன். சட்டிய எடுக்கவும் மாட்டேன். எடுத்தா எனக்கு வேலை இல்ல. ஆனா உங்க வீட்ட இப்படித் தொங்க விடவும் மாட்டேன். வேலை நேரத்துல அது உங்க கூரைக்கு மேல, வானத்தப் பாக்கும். வேலை முடிஞ்சதும் தரையப் பாத்துக் கவுத்திடுறேன். மழை வந்தாலும், எனக்குக் காய்ச்சல் வந்தாலும், கவுத்திட்டுதான் படுப்பேன்."

அவர் பேசினில் கையை விட்டுத் தாவ்கேயைக் கலைத்துக்கொண்டே இருந்தார்.

"பெருநாள் மொத நாள்?"

"தெறக்கவே மாட்டேன். துணி போட்டு மூடிடுறேன்."

"ஒன்பதாம் நாள் எங்க வானத்துச் சாமிக்குப் பூசை. அன்னிக்கும்."

"அன்னிக்கும்."

"நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"பாருங்க."

பேசினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பாதி வால் அப்படியே இருக்கு," என்றார்.

கவிழ்த்தேன்

மாலதியிடம் சொன்னதும் அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பாலைவனத்திலும் பொழுது சாய்ந்தால் கண்ணாடிகளையெல்லாம் திருப்பிப் படுக்க வைத்துவிடுவார்களாம். "அத நான் வீடியோவுல பாத்தேம்மா. நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்." சட்டியின் கழுத்து தரை வரை குனியாது. அவளும் ராமுவும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கழுத்து மூட்டை அறுத்து வேறு மூட்டு வைத்தார்கள். இப்போது நான் ஒரு கையால் தள்ளினால் குப்புறக் கவிழ்ந்துவிடும்.

தினமும் கடைசித் தட்டு வெந்ததும் கவிழ்ப்பேன். ஆ சிம் வாசலில் இருந்தால் "ஹபிஸ்?" என்று கத்துவார். முடிந்ததா என்று. "ஹபிஸ்!" என்று நானும் கத்துவேன். சந்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கேட்கும்படி நான் கத்துவதை என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டார். எட்டு மூலைக் கண்ணாடியை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

பெருநாள் முடிந்து மாலதியின் முதலாளி வந்தார். அவர் நிற்கும்போதே ஒரு மேகம் வந்து ஆவி அடங்கிவிட்டது. மாலதி மழுப்பவில்லை. "மேகம் வந்தா நிக்கும் சார். பேக்டரியில அப்ப கேஸ் எரியட்டும். வெயில் இருக்கிற நேரத்துக்கு கேஸ் மிச்சம்" என்றாள். மேகம் போனது, ஆவி திரும்பி வந்தது. அவர் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு இடியாப்பம் சாப்பிட்டார். கூரையில் ஒரே ஒரு சட்டி போட்டுத் தண்ணீரைச் சூடாக்கிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். மாலதி இப்போது படம் வரைந்துகொண்டிருக்கிறாள். எந்தப் பக்கம் யார் வாசல் இருக்கிறது என்பதையும் சேர்த்து வரைகிறாள்.

பத்திரிகைத் தம்பி, அச்சில் போடுவதற்கு முன் இதை விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது காட்டிச் சரிபாருங்கள். உப்பு உருகுவதை நான் மாலதி சொன்னபடிதான் எழுதியிருக்கிறேன், அவளே ரொம்ப வேகமாகப் பேசுவாள். குழிந்த சட்டிக்கு முன்னால் தள்ளி உட்கார்ந்தால் தலைகீழாகத்தான் தெரிய வேண்டுமா என்பதையும் கேளுங்கள். நானும் ஆ சிம்மும் கண்ணால் பார்த்தோம், ஆனாலும் கேளுங்கள். ஆ சிம் வயதைத் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்திவிடுங்கள். தப்பு இருக்கிறது என்று படிக்கிறவர்கள் யாராவது நினைத்தால் தாராளமாக வீட்டுக்கு வந்து சொல்லலாம். வெயில் அடிக்கும் நேரத்தில் மட்டும் வரவேண்டாம். நான் வேலையில் இருப்பேன்.